மூன்று வாய்க்கு ஒரே இங்கிலீஷ்

இடுப்பு விட்டுப்போயிருந்தது. மூட்டை தூக்கிய காலத்தில் எட்டிக்கூடப் பார்க்காத வலி, நாற்காலியில் உட்கார்ந்து பிழைக்கத் தொடங்கியதும் வந்து குடியேறிவிட்டது. காலி பண்ணும் எண்ணமும் அதற்கு இல்லை. காலையில் முதலில் ஒரு கால், அப்புறம் சுவர், அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை, கடைசியில் இன்னொரு கால் என்று வரிசையாக இறக்கினால்தான் முற்றுப்புள்ளியால் கட்டிலைவிட்டு எழுந்து நிற்க முடியும்.

முற்றுப்புள்ளி என்பது கிடங்கில் அவனோடு மூட்டை தூக்கியவர்கள் வைத்த பெயர். பகலில் முதுகில் மூட்டை, சாயங்காலம் கையில் இங்கிலீஷ் புத்தகம் என்று பல வருஷம் ஓட்டியவன். யார் பேசினாலும், "இங்க ஒரு முற்றுப்புள்ளி வைடா, மூச்சு வாங்கட்டும்" என்று குறுக்கே விழுவான். பெயர் ஒட்டிக்கொண்டது. நாளடைவில் அது தேய்ந்து வெறும் புள்ளி ஆனது. இப்போது அவன் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கிற மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். பிறப்புச் சான்றிதழ், வாடகைப் பத்திரம், பக்கத்து வீட்டுக்காரன் மேல் புகார் என எது வந்தாலும் தமிழில் வாங்கி இங்கிலீஷில் கொடுப்பான்.

அவன் மேசைக்கு எதிரே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அடிபட்டு அடிபட்டுக் கற்றதையெல்லாம் அவனே எழுதி ஒட்டியது. தமிழில் வினைச்சொல் ஆற அமரக் கடைசியில் வரும், இங்கிலீஷில் அதைக் காக்கவைக்காதே, ஆளுக்குப் பின்னாலேயே அனுப்பு. யார் செய்தது என்று தமிழில் சொல்லாமல் நழுவலாம், இங்கிலீஷில் அந்த ஆளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்து. 'போய்ப் பார்த்து எடுத்து வந்து' என்று ரயில் மாதிரி கோக்காதே, பெட்டி பெட்டியாகக் கழற்று. ஒரு பொருள் முதல் தடவை வந்தால் 'எ', திரும்பி வந்தால் 'தி'. முதல் நாள் விருந்தாளி, மறுநாள் வீட்டாள். 'மெல்ல மெல்ல' என்று தமிழ் இரண்டு தடவை சொன்னால் இங்கிலீஷுக்கு ஒரு தடவை போதும். 'தாழ்மையுடன் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்' என்பதற்கு ஒரே ஒரு 'ப்ளீஸ்'. கடைசி வரி மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்: வளவளவென்று இருந்தால் வெட்டு.

நல்ல தாள்தான். கடைக்கு வருகிறவர்கள் அதை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அப்போதெல்லாம் புள்ளிக்கு இடுப்பு வலிகூடக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

வினை கிடங்கில் காத்திருந்தது. அங்கே கிரேன் ஓட்டுபவர் புள்ளியின் மச்சான், மனைவியின் அண்ணன். ஒரு நாள் வாஷ்பேசின் அடுக்கிய நீல மரப்பெட்டியைக் கிரேன் தூக்கியபோது பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த பட்டை அறுந்தது. பெட்டி நேராக சூப்பர்வைசரின் ஸ்கூட்டர் மேல் இறங்கியது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. ஸ்கூட்டர் சப்பை. முற்றமெல்லாம் வெள்ளைச் சில்லு.

"பட்டை புத்தம் புதுசு. இந்த ஆளு கண்மண் தெரியாம சுழட்டினதுலதான் அறுந்துது" என்று சூப்பர்வைசர் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப்போட்டார். அங்கிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார். தமிழ் தெரியாத அம்மா. குற்றம் உறுதியானால் மச்சானின் கிரேன் உரிமம் போகும், கேபினைவிட்டு இறங்கி மூட்டை தூக்க வேண்டும். அவருக்கு இரண்டு முழங்காலும் ஏற்கெனவே ராஜினாமா கொடுத்துவிட்டன.

புள்ளியின் மனைவி டவுன் பஸ் ஓட்டுபவள். வீட்டிலும் ஸ்டீயரிங் அவள் கையில்தான்.

"பாத்தவங்க மூணு பேரும் உங்க பழைய கூட்டாளிங்கதானே? அவங்க சொல்றதை இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க. எங்க அண்ணன் கேபினைவிட்டு எறங்கினாருன்னா நீங்க இந்த வீட்டைவிட்டு எறங்க வேண்டியிருக்கும், சொல்லிட்டேன்."

"நான் எழுதினா மறுபேச்சு கிடையாதுடி. படிச்சவுடனே கையெழுத்துப் போட்டுருவாங்க."

அன்றைக்கே டீக்கடை பெஞ்சில் மூவரையும் உட்காரவைத்தான். அவர்கள் பேசப் பேச, தமிழில் ஒரு எழுத்துகூடக் குறித்துக்கொள்ளாமல், நேரே இங்கிலீஷில் மடிக்கணினியில் அடித்தான். அதில் ஒரு பெருமை அவனுக்கு.

முதலாமவனுக்கு ரேடியோ என்று பெயர். வாயைத் திறந்தால் மூடும் பொத்தான் கிடையாது. பெட்டி விழுந்ததைச் சொல்ல வந்தவன், பொண்டாட்டியோடு போட்ட சண்டையில் தொடங்கி, சைக்கிள் பஞ்சர் வழியாக, மாமியாரின் கண் ஆபரேஷனுக்குப் போய்விட்டான். புள்ளி வெட்டு வெட்டென்று வெட்டினான். இரண்டாமவன் கேள்வி. பதிலையும் கேள்வியாகத்தான் சொல்வான். புள்ளி அத்தனை கேள்வியையும் நிமிர்த்தி நேர்வாக்கியமாக ஆக்கினான். மூன்றாமவன் அரைவார்த்தை. பட்டையைக் கட்டியவன் அவன்தான், ஆகவே அவன் சாட்சிதான் முக்கியம். ஆனால் அவன் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்ததைக் கிடங்கில் யாரும் கேட்டதில்லை.

"பட்டை," என்றான் அரைவார்த்தை. கையால் ஏதோ செய்தான். "காட்டினேன். கட்டுன்னாரு."

புள்ளி திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. 'பட்டை தேய்ந்திருப்பதை நான் சூப்பர்வைசருக்கு முறையாகத் தெரிவித்தேன். இருந்தபோதும் அதையே பயன்படுத்தும்படி அவர் எனக்கு உத்தரவிட்டார்' என்று அழகான இங்கிலீஷில் அடித்தான். வினை சரியான இடத்தில், ஆள் முன்னால், 'எ'யும் 'தி'யும் பிசகவில்லை. படித்துப் பார்த்தபோது அவனுக்கே புல்லரித்தது.

மறுநாள் விசாரணை அதிகாரி அவனைக் கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் மூன்று வாக்குமூலங்களும் விசிறி மாதிரி பரப்பியிருந்தன. பாராட்டு வரப்போகிறது என்று புள்ளி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"நல்ல இங்கிலீஷ்," என்றார் அதிகாரி, இங்கிலீஷில்.

"நன்றி மேடம்."

"மூன்று பேரும் ஒரே பள்ளியில் படித்தார்களா?"

புள்ளிக்குப் புரியவில்லை.

"ஒருவர் நிறுத்துகிற இடத்தில் மற்றவரும் நிறுத்துகிறார். ஒருவர் சொல்கிற சொல்லையே மற்றவரும் சொல்கிறார். மூன்று சுமைதூக்குபவர்கள், ஒரே வாய். அது உங்கள் வாய்." மூன்றாவது தாளை அவன் பக்கம் தள்ளினார். "இந்த மனிதரை நானே வாசலில் பார்த்துப் பேசினேன். கூட ஒருவர் மொழிபெயர்த்தார். மூன்று சொல் சொன்னார், இரண்டு தடவை தலையாட்டினார். இங்கே ஒரு பக்கம் முழுக்கப் பேசுகிறார். கிரேன் ஓட்டுபவர் உங்கள் மனைவியின் அண்ணன் என்று நீங்களே கீழே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன நினைப்பீர்கள்?"

சொல்லிக்கொடுத்து எழுதிய சாட்சி என்றுதான் நினைப்பான். மூன்று பேரும் சொன்னது நிஜம். அந்த நிஜத்தைத் தேய்த்துத் தேய்த்து, பொய் மாதிரி பளபளவென்று ஆக்கியது அவன்.

"அவர்கள் பேசியதன் பதிவு இருக்கிறதா?"

"இல்லை மேடம். நேரே எழுதிவிட்டேன்."

"நாளை மாலைக்குள் பதிவோடு வாருங்கள். வேறொரு மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சரிபார்ப்பேன். இல்லையென்றால் இந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு, சூப்பர்வைசரின் அறிக்கையை மட்டும் வைத்து முடிவெடுப்பேன்."

வீட்டுக்கு வந்தால் மச்சான் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாப்ளே, கையெழுத்துப் போட்டாங்களா?"

"இங்கிலீஷ் ரொம்ப நல்லா இருக்காம் மச்சான்."

"அப்புறம் என்ன?"

"அதான் பிரச்சினையாம்."

மச்சான் தைலக் கையோடு அவனையே பார்த்தார். மனைவி டிரைவர் சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறையிலிருந்து வந்தாள். நடந்ததைச் சொன்னான். கிழித்துத் தோரணம் கட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் சிரித்துவிட்டாள்.

"அரைவார்த்தை அண்ணன் 'முறையாகத் தெரிவித்தேன்'னு சொன்னாரா? அந்த மனுஷன் என் பஸ்ல ஏறினா எறங்க வேண்டிய எடத்தைக்கூடச் சொல்ல மாட்டாரு. கம்பியைத் தட்டுவாரு. அவர் வாயில இதை வெச்சீங்களே, உங்களுக்கே அடுக்குமா?"

"படிக்க நல்லா இருக்கணும்னுதான்…"

"எங்க அண்ணன் முட்டி நல்லா இருக்கணும். நாளைக்குக் காலையில கிடங்குக்குப் போங்க, அவங்க மூணு பேர் காலைப் பிடிங்க, கையைப் பிடிங்க, எதையாவது பிடிங்க."

மச்சான் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "மாப்ளே, நான் சுழட்டலை. நெசமா சுழட்டலை." சொல்லிவிட்டுத் திரும்பவும் முழங்காலைத் தேய்த்தார். புள்ளியால் அங்கே உட்கார முடியவில்லை. இடுப்பு வலி என்று சொல்லிவிட்டு எழுந்துபோனான்.

காலையில் கிடங்குக்குப் போனபோது லாரி வந்து நின்றிருந்தது. மாவு மூட்டை. மூவரும் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு தயாராக நின்றார்கள்.

"டேய் புள்ளி! என்னடா, எங்க பேச்சு பாஸா?" என்றான் ரேடியோ.

"ஃபெயில். மறுபடியும் பேசணும். இந்தத் தடவை ஃபோன்ல பதிவு பண்ணணும்."

"நாங்க நல்லாத்தானே பேசினோம்? அப்ப ஃபெயில் ஆனது யாரு?" என்றான் கேள்வி.

"நான்தான்டா."

"ஒத்துக்கிட்டான் பாத்தியா!" ரேடியோவுக்குக் குஷி தாங்கவில்லை. "ஆனா இப்ப லோடு எறக்கணும்டா. நின்னு பேசினா சூப்பர்வைசர் இன்னைக்குக் கூலியைப் பிடிச்சிருவான். வேலை செஞ்சுக்கிட்டே பேசறோம், நீ பின்னாலயே ஓடி வா."

ரேடியோவும் கேள்வியும் சம்மதித்தார்கள். அரைவார்த்தை மட்டும் லாரியைக் கட்டைவிரலால் காட்டினான்.

"லோடு."

"என்ன லோடு?"

"நீ."

ரேடியோதான் விளக்கினான். "அவன் பங்கு மூட்டையை நீ எறக்கினா அவன் பேசுவானாம்."

"டேய், என் இடுப்பு…"

அரைவார்த்தை அவனை நேராகப் பார்த்தான். "போன தடவை சொன்னேன். நீ வேற எழுதிட்ட."

அவ்வளவு நீளமாக அவன் பேசி யாரும் கேட்டதில்லை. கேள்விக்கே கேள்வி வரவில்லை. புள்ளி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஃபோனில் பதிவை ஓடவிட்டு, அதைத் துண்டில் சுருட்டி நெஞ்சோடு கட்டிக்கொண்டான். "ஒரு லாரி. உன் பங்கு முழுசும் என்னோடது," என்றான்.

முதல் மூட்டை முதுகில் விழுந்ததும் உடம்பு பழைய வித்தையை ஞாபகம் வைத்திருப்பது தெரிந்தது. இடுப்பு மட்டும் எதையும் மன்னிப்பதாக இல்லை. அந்தப் பக்கம் வந்த சூப்பர்வைசர் நின்று பார்த்தார்.

"என்னப்பா, இங்கிலீஷ் சோறு போடலையா? திரும்பி வந்துட்டே?"

"ஆமா சார்," என்றான் புள்ளி, மூட்டைக்கு அடியிலிருந்து.

அவர் சந்தோஷமாக அறைக்குப் போய் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்துகொண்டார்.

ரேடியோ அவனுக்கு முன்னால் மூட்டையோடு நடந்துகொண்டே பேசினான். இந்தத் தடவை வெட்ட முடியாது, இரண்டு கையும் முதுகு மூட்டையைப் பிடித்திருந்தன. "அன்னைக்குக் காலையில வீட்ல சண்டைடா. எதுக்குன்னா, சைக்கிள் கேரியர்ல கட்டற ரப்பர் அறுந்துபோச்சு, சிலிண்டரை எப்படிக் கட்டிக்கிட்டு வருவேன்னு அவ கேக்கறா, நான் பாக்கலாம்னேன், நீ எல்லாத்தையும் பாக்கலாம்னுதான் சொல்லுவேன்னா. அப்புறம் பெட்டி விழுந்துதா, எல்லாரும் ஸ்கூட்டரைப் பாத்து 'ஐயோ'ன்னாங்க, நான் பட்டையைப் பாத்தேன். குப்பையில தூக்கி வீசினாரு சூப்பர்வைசர். நல்ல நீளமா கெடக்கேன்னு எடுத்து கேரியர்ல கட்டிக்கிட்டேன். சிலிண்டரும் வந்துது, சண்டையும் தீந்துது."

புள்ளி நடுவழியில் நின்றான். பின்னால் வந்த கேள்வி அவன் மேல் மோதினான்.

"எந்தப் பட்டைடா?"

"அறுந்த பட்டைதான். அன்னைக்கும் சொன்னேனே. நீதான் 'சைக்கிள் கதையெல்லாம் வேண்டாம், விஷயத்துக்கு வா'ன்னே."

கொட்டகை நிழலில் சாய்த்திருந்த ரேடியோவின் சைக்கிளை எல்லாரும் பார்த்தார்கள். கேரியரில் பட்டை சுற்றிக்கொண்டு சும்மா கிடந்தது.

கேள்வி தன் பங்கைச் சொன்னான். "நான் எங்க நின்னேன்? கொக்கிக்கு நேர் எதிர்ல. கொக்கிக்கு எதிர்ல நிக்கறவன் எதைப் பாப்பான், சினிமாவையா? பெட்டி மேல போச்சா, ஆடிச்சா? ஆடவே இல்லையே? ஆடாத பெட்டியைச் சுழட்டினாருன்னு சொன்னா எவன் நம்புவான்? நீ நம்புவியா?"

அரைவார்த்தை மூட்டை அடுக்கின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். முறை வந்ததும் தொண்டையைச் செருமினான். "பட்டை," என்றான். பிறகு இடது கையில் விரல்களை வளைத்து ஓட்டை மாதிரி வைத்து, வலது கை ஆள்காட்டி விரலை அதற்குள் விட்டு, அந்தப் பக்கம் வெளியே வந்த நுனியை ஆட்டிக் காட்டினான். "காட்டினேன். 'விரல்தானே போகுது, தலையா போகுது. கட்டு'ன்னாரு. கட்டினேன்."

டீக்கடையில் அவன் கையால் ஏதோ செய்தது இதுதான். திரையிலேயே கண்ணை வைத்திருந்ததில் புள்ளி பார்க்காமல் விட்டது.

இன்னொரு மூட்டைக்குக் குனிந்தான். குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். இடுப்பு பூட்டிக்கொண்டது. மூவரும் சேர்ந்து அவனை மடக்கு நாற்காலி மாதிரி தூக்கிக்கொண்டுபோய் நிழலில் சாத்தினார்கள். அரைவார்த்தை இறங்கிவந்து லாரிக்குள் எட்டிப் பார்த்தான்.

"பாதி," என்றான். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு மிச்சத்தைத் தானே இறக்கினான்.

மத்தியானம் முழுக்கப் புள்ளி மேசையில் நின்றுகொண்டே எழுதினான், உட்கார வழியில்லை. சுவரில் இருந்த தாளைப் பார்ப்பதும் கண்ணைத் திருப்புவதுமாக இருந்தான். ஆளை முன்னால் நிறுத்துவது, வினையைக் காக்கவைக்காதது, 'எ', 'தி' எல்லாம் அப்படியே உதவின. ஆனால் ரேடியோவின் வாக்கியத்தை ரேடியோ அளவுக்கே நீட்டினான்; சண்டை, சிலிண்டர் எதையும் விடவில்லை, படிக்கிறவருக்கும் மூச்சு வாங்கட்டும். கேள்வியின் கேள்விகளைக் கேள்விகளாகவே வைத்தான். அரைவார்த்தைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. மொத்தம் ஒரு கை அளவு சொற்கள், நடுவில் வெறும் மௌனம். 'இங்கே இவர் பேசவில்லை. இடது கையால் ஓட்டை காட்டி, வலது ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, நுனியை ஆட்டுகிறார்' என்று அடைப்புக்குறிக்குள் எழுதினான். அடித்து அடித்து எழுதியதில் அது ஒன்றுதான் கடைசிவரை அழகாக வரவில்லை. அப்படியே விட்டான்.

அதிகாரி பதிவைக் கேட்டார், மூட்டை விழும் சத்தமும் புள்ளியின் முனகலும் உட்பட. வேறொரு மொழிபெயர்ப்பாளர் ஒத்துப்பார்த்துத் தலையசைத்தார். அடுத்த நாள் காலையில் அதிகாரி நேரே கிடங்குக்கு வந்து, யாரோடும் பேசாமல் ரேடியோவின் சைக்கிளிடம் போனார். பட்டையை அவிழ்க்கச் சொன்னார். ஓரத்தில் நிறுவனத்தின் முத்திரை தைத்திருந்தது, பெட்டியின் நீலச் சாயம் அப்பியிருந்தது. அறுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, நூல் தேய்ந்து, பழைய அழுக்கு ஏறிய ஒரு ஓட்டை.

"அது வேற பட்டை மேடம்," என்றார் சூப்பர்வைசர்.

அதிகாரி அரைவார்த்தையின் பக்கம் திரும்பிப் பட்டையை நீட்டினார். அரைவார்த்தை விரலை உள்ளே விட்டு, நுனியை ஆட்டினான். தாளில் எழுதியிருந்தது போலவே. பிறகு அதே விரலால் சூப்பர்வைசரைக் காட்டினான். நடுவில் மொழிபெயர்க்கப் புள்ளிக்கு ஒன்றும் இருக்கவில்லை. அதிகாரி தன் விரலையும் விட்டுப் பார்த்தார். மோதிரம் வரை போனது. சூப்பர்வைசருக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. அன்றைக்கு அவர்தான் அரைவார்த்தை.

மச்சான் கேபினிலேயே இருக்கிறார். சாயங்காலம் வேலை முடிந்து இறங்கும்போது மட்டும் முழங்காலைத் திட்டுவார். "எங்க அண்ணனைக் காப்பாத்திட்டீங்க" என்று மனைவி பஸ்ஸில் எல்லாரிடமும் சொன்னாள். வீட்டில், "மொதல்ல மாட்டிவிட்டதும் நீங்கதான்" என்று சேர்த்துக்கொண்டாள்.

கடைச் சுவரில் தாள் அப்படியே இருக்கிறது. 'வளவளவென்று இருந்தால் வெட்டு' என்ற கொட்டை எழுத்துக்குப் பக்கத்தில் பேனாவால் கிறுக்கியிருக்கிறான்: 'விளம்பரம், விண்ணப்பம் சரி. சாட்சி சொல்கிறவன் வாயில் கத்தரியை வைக்காதே. திரையைப் பார்க்காதே, ஆளைப் பார்.'

அரைவார்த்தை அவ்வப்போது கடைக்குக் கீழே தெருவில் போவான். ஜன்னலில் புள்ளியின் தலை தெரிந்தால் நிற்பான். ஒன்றும் பேசமாட்டான். ஆள்காட்டி விரலை நீட்டி, நடுவில் மடக்கிக் காட்டிவிட்டு நடையைக் கட்டுவான். புள்ளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வர்றேன்டா, வர்றேன்" என்று கத்துவான். இதுவரை போகவில்லை. அரைவார்த்தையின் பங்கில் பாதி மூட்டையை அவன் இறக்கித்தர வேண்டும். இன்னும் பாக்கி.